அப்பா எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்

மேற்படிப்புக்கு வழி சொல்லும் ஆலோசகரைப் பள்ளியில் எல்லோரும் பென்சில் மேடம் என்றுதான் சொல்வார்கள். எந்தக் கல்லூரியில் யாருக்கு இடம் கிடைக்கும் என்று கணித்து, நூற்றுக்கு இத்தனை என்று பென்சிலால் எழுதித் தருவார். பிள்ளை மனசு நோகுமே என்று ஒன்றுகூடச் சேர்த்துப் போடமாட்டார். பூனைக்கு அவர் போட்டது நாலு.

பூனை என்பது வீட்டில் வைத்த பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, அப்படி ஒரு பெண். பாலம் கட்டும் படிப்புதான் வேண்டும், அதுவும் அந்த ஒரே கல்லூரியில் வேண்டும். அங்கேயோ நூறு பேர் கேட்டால் எட்டுப் பேருக்குத்தான் இடம்.

"மார்க்கெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பத்தாவதுல ஒரு டெர்ம் மட்டும் அப்படியே படுத்துடுச்சு. காலேஜ்காரங்க கண்ணு நேரா அங்கதான் போகும். என்ன ஆச்சு?" என்று கேட்டார் மேடம்.

பூனை தரையைப் பார்த்தாள். வீட்டில் நடந்ததைச் சொல்லிப் பரிதாபம் வாங்க அவளுக்குப் பிடிக்காது.

விண்ணப்பத்தில் பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றி எழுத ஒரு பக்கம் உண்டு. மற்ற பெற்றோர் அதில் பிள்ளையை ஆகாயத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். பூனையின் அப்பா லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக அவர் எழுதியதெல்லாம் லிஃப்டில் என்ன குறை, ஏன் நின்றது என்கிற சர்வீஸ் ரிப்போர்ட்தான். பக்கத்தை நிரப்பி, உறையில் போட்டு ஒட்டி, மகள் கையில் கொடுத்தனுப்பினார்.

பென்சில் மேடம் பிரித்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

'குறைகள்: காலையில் எழுப்பினால் எழாது. கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாது. கணக்கில் அவசரப்படும். சத்தம் இல்லை (இது குறை அல்ல).'

அட அப்பா! பூனைக்குக் காது மடல் சூடேறியது. இருந்த நாலையும் இந்த மனுஷன் துடைத்துவிட்டாரே!

'நின்றுபோன விவரம்: பத்தாம் வகுப்பில் மூன்று மாதம். காரணம்: அம்மாவுக்கு ஆபரேஷன். நான் வெளியூர் வேலையில். சமையல், தம்பி, மருந்து எல்லாம் இவள் மேல். தாங்கும் அளவுக்கு மீறிய பாரம். ஏற்றியது நான். பிறகு தானாகவே சரியாகிவிட்டாள். அன்றிலிருந்து ஒரு நாளும் நின்றதில்லை.

பரிந்துரை: நம்பி ஏறலாம்.'

அந்த மூன்று மாதத்தை அப்பா கவனிக்கவே இல்லை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். முகத்துக்கு நேரே ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷர், எல்லாவற்றையும் மனசில் குறித்து வைத்திருக்கிறார். இப்படி ஒரு அப்பா கிடைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல், எதிரே இருந்த மேடத்துக்கே சொன்னாள்.

"எனக்கு எதுக்கும்மா தேங்க்ஸ்? இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" மேடம் நாலை அழித்துவிட்டுப் பன்னிரண்டு போட்டார். "இதுக்கு மேல போட்டா பொய். அந்தக் குறைங்களை மட்டும் எடுத்துட்டு வேற எழுதித் தரச் சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். அப்படியே போகட்டும்."

மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்ற விஷயம் அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் பேசும்போதுதான் தெரிந்தது. "எல்லாரும் புகழ்ந்து எழுதியிருக்காங்க, நான் எம்பொண்ணு தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்று நாலு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

கல்லூரியிலிருந்து பதில் வந்த அன்று அவர் ஏதோ ஒரு கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். பூனை போன் போட்டாள்.

"அப்பா, கிடைச்சிருச்சுப்பா!"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் எழுதின குறையெல்லாம் படிச்சாங்களாம்மா?"

"படிச்சுட்டுத்தான்பா வரச் சொல்லியிருக்காங்க."