வேலிக்கு அந்தப் பக்கம்

றோஸுக்கு வின்சன்டின் முகம் மறந்துபோய்விட்டது. இதை யாரிடம் சொல்லி அழுவது? கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

வின்சன்ட் மன்னார்க்காரன். சோழகக் காற்றுப் பிறந்தால் குச்சவெளிக் கரையில் வாடிக் குடிசை போட்டுக் கரைவலை இழுப்பான். வாடைக்காற்றுத் தொடங்கியதும் தன் ஆட்களோடு ஊருக்குப் போய்விடுவான். போன சோழகம் முழுக்க இரண்டு பேரும் கதைத்ததெல்லாம் றோஸ் வீட்டுத் தென்னோலைக் கிடுகு வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுதான். பொழுதுபடுகிற நேரம் வருவான்.

"தண்ணி கிடைக்குமோ?"

"உப்புத் தண்ணிதான் இருக்கு."

அது பச்சைப் பொய். அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீருக்கு ஊரே குடத்தோடு வரும். அவன் சிரிப்பான், பிறகு கதை நீளும். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்; திரும்பிப் பார்த்தால் அம்மாவின் முழங்கை விலாவில் இடிக்கும். ஆகவே அவள் கண்டதெல்லாம் கிடுகுப் பொத்தலுக்குள்ளால் தெரிந்த ஒரு காது, அரைச் சிரிப்பு, நெற்றியில் விழுந்த சுருட்டை முடி.

அவன் போனபிறகு இந்தத் துண்டுகள் ஒன்றாகச் சேரமாட்டோம் என்றன. சேர்த்துப் பார்த்தால் பஸ் கொண்டக்டரின் முகம் வந்து நின்றது. முகம் தெரியாத ஒருவனுக்காகவா சோறு தண்ணீர் இறங்காமல் கிடக்கிறேன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் நெஞ்சு என்னவோ அவனைத்தான் கேட்டது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். தொலைந்த பூட்டுத் திறப்பையெல்லாம் எடுத்துக் கொடுத்த அந்தோனியார் இதில் மட்டும் வாயே திறக்கவில்லை.

அப்பா சூசைப்பிள்ளைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. கிழமை முடிவில்தான் வீட்டுக்கு வருவார். பாஸ்குக்கு முந்தின தபசுகாலத்தில் ஒருநாள், கப்பல்துறை ஊர்ப் பெடியன் ஒருவனின் சம்பந்தத்தோடு வந்தார்.

"எனக்கு ஒருத்தர் இருக்கிறார்" என்று றோஸ் உளறிவிட்டாள்.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயம்.

"வாடிக்காரர் வரட்டும். பேர் சொன்னாப் போதாது, ஆளைக் காட்டு, நானே போய்க் கதைக்கிறன். காட்ட ஏலாட்டி கப்பல்துறைக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

பாஸ்குத் திருநாள் கழிந்து வாடிக்காரர் வந்தார்கள். அப்பா றோஸையும் தங்கை சீலாவையும் கூட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார். கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றவர்களைக் கண்டதும் றோஸ் நின்றுவிட்டாள். அத்தனை பேரும் மொட்டை. மார்கழிச் சூறாவளியில் உயிர் தப்பியதற்கு மாதாவுக்கு நேர்த்தி வைத்து, ஊரிலிருந்து புறப்படும்போது எல்லாரும் சேர்ந்து மழித்திருக்கிறார்கள். அவளுக்கு அடையாளமென்று மிச்சம் இருந்தது அந்தச் சுருட்டை முடி ஒன்றுதான். அதையும் மாதா வாங்கிக்கொண்டாள்.

"எவன்?" என்றார் அப்பா.

ஒவ்வொருவனையும் பார்த்தாள். எல்லாரும் அவன்போலவும் இருந்தார்கள், ஒருவரும் அவன் இல்லாததுபோலவும் இருந்தார்கள்.

"என்ன பிள்ளை, கேலியோ? எவன் எண்டு கேக்கிறன்!"

றோஸ் கண்ணை இறுக்கி மூடினாள். அப்போது வலை இழுப்பதற்கு ஒருவன் அம்பாப் பாட்டை எடுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே குரல்.

"இப்ப பாட்டுப் படிக்கிறவர்."

கண்ணைத் திறந்தாள். பாடியவனுக்கு நீண்ட மூக்கு, ஒட்டிய கன்னம். யாரோ ஒரு அந்நியன். இவனா?

அப்பா கிட்டப் போய், "தம்பி, என்ர மகளைத் தெரியுமோ?" என்றார்.

அவன் பாட்டை நிறுத்தி றோஸைப் பார்த்தான். சீலாவைப் பார்த்தான். திரும்பவும் றோஸைப் பார்த்தான். முழிக்கிறான்! இவனுக்கும் தெரியவில்லை! றோஸுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அப்பா திரும்பத் தொடங்கிவிட்டார். இனிக் கப்பல்துறைதான்.

"உப்புத் தண்ணிதான் இருக்கு!" என்று கத்தினாள்.

அவன் கயிற்றை விட்டான். பின்னால் நின்ற மொட்டைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விழ, அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான், அந்த முன்பின் தெரியாத முகத்தோடு.