தலைக்கு மேல் குறிப்பெடுப்பவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்து நான்கு வயது நடந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து அவன் தலைக்கு மேல் ஓர் அதிகாரி தலைகீழாக நடக்க ஆரம்பித்தார். கையில் நோட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. பேனா கீழே விழவில்லை. அவன் தெருப் பள்ளிவாசலில் தொழும் முப்பது வயதுக்குட்பட்டவர்களில் சிலரைக் கண்காணிக்க உத்தரவாகியிருந்தது. பட்டியலில் இவன் பெயரும் இருந்தது, அவ்வளவுதான். முதல் மாதம் தெரு வேடிக்கை பார்த்தது. பிறகு முடிவெட்டுபவர் அதிகாரியைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லப் பழகிக்கொண்டார். ஆறு பேர் ஏறும் லிஃப்டில் இவன் ஏறினால் ஐந்து பேர்தான் என்று எழுதி ஒட்டினார்கள்.

அதே தெருவில் ஒரு கணக்கு டீச்சர் நடத்திய நாடகக் குழு இதையே நாடகமாகப் போட்டது. முதன்மை வேடம் மெக்கானிக்குக்கு. அதுவரை பதினாறு வருஷம் அந்த இடம் அவன் அக்கா புருஷனான தையல்காரனுடையது. மெக்கானிக் மேடையில் வசனமே பேசவில்லை. சட்டை மடித்தான், போனை எடுத்தான், பேசாமல் வைத்தான். மேலே அவர் எழுதினார். அரங்கில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

"நான் தொண்டை கிழியக் கத்தினப்ப ஒருத்தனும் அழல. இவன் சட்டை மடிக்கிறான், கூட்டம் மூக்கைச் சிந்துது," என்று திரைக்குப் பின்னால் தையல்காரன் வெந்தான். "நானும் அதே பள்ளிவாசல்லதான் தொழுறேன். எனக்கென்ன குறைச்சல்?"

"நீங்களே வச்சுக்குங்க மச்சான்," என்றான் மெக்கானிக். "பொண்ணு பாக்கப் போனா, அவங்க இவரைத்தான் முதல்ல பாக்குறாங்க."

தையல்காரன் கண்காணிப்புத் துறைக்குத் தன்னைப் பற்றித் தானே மொட்டைக் கடுதாசி எழுதினான். மூன்று முறை திருத்தி, வீட்டு முகவரியைத் தெளிவாகக் குறித்து, அங்கே ஆபத்தான ஆள் ஒருவர் இருப்பதாகச் சொல்லியிருந்தான். பன்னிரண்டாம் நாள் ஓர் அதிகாரி வாசல் வழியே தலைகீழாக உள்ளே வந்தார். தையல்காரன் தலையை வாரிக்கொண்டு எழுந்து நின்றான். அவர் அவனைத் தாண்டிப் போனார். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது; வீட்டில் முப்பதுக்குட்பட்டவள் கல்லூரிக்குப் போகும் மகள் ஒருத்திதான். துறை கண்ணியமானது, பெண் அதிகாரியையே அனுப்பியிருந்தது.

மகள் முதலில் தோழிகளோடு பேசுவதை நிறுத்தினாள், இரண்டு மாதத்தில் கல்லூரியையும் நிறுத்தினாள். டீச்சர் அடுத்த நாடகத்தின் முதன்மை வேடத்தை அவளுக்குக் கொடுத்தார். மேடை உடைக்கு அளவெடுக்கும்போது, கைதட்டலெல்லாம் இவளுக்குப் போகுமே என்று தையல்காரனுக்கு அப்போதும் வயிறு எரிந்தது. அதுதான் அவனுக்கே தாங்கவில்லை.

"யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்களாம் வாப்பா. யாரா இருக்கும்?"

"வயித்தெரிச்சல் புடிச்சவன் எவனாவது இருப்பான். கையைத் தூக்கும்மா."

மேலே இருந்த அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார்.