நர்சம்மாவின் விப்பெட்

ஊரூர்க் குப்பத்து மருத்துவச்சி தங்கபுஷ்பத்தின் மோட்டார் 1944ஆம் வருஷம் சித்திரை மாதம் முதல் பெட்ரோல் இல்லாமல் ஓடியது. கரி வாயுவிலும் ஓடவில்லை, மண்ணெண்ணெயிலும் ஓடவில்லை. தங்கபுஷ்பத்தின் கோபத்தில் ஓடியது. அந்த நாளில் அடையாற்றுப் பக்கம் இருந்தவர்கள் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை. படி அரிசி என்ன விலை விற்றது, வெள்ளம் எந்த வீட்டு வாசற்படி வரை ஏறியது என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வார்கள். நம்பாதவர்களுக்கு அவர்கள் வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று: டாங்கியில் குச்சி விட்டுப் பார்த்தோம், காய்ந்து கிடந்தது.

வண்டி 1927இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய விப்பெட் மோட்டார். நாலு சிலிண்டர், துணிக்கூரை, மர ஆரக்கால் வைத்த சக்கரங்கள். மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த வக்கீல் ராஜகோபாலன் அதை வாங்கி எட்டு வருஷம் ஓட்டினார். பிறகு பெரிய வண்டி ஒன்று வாங்கினார். வாங்கிய அன்றே விப்பெட்டை அடையாற்றில் தமக்கிருந்த தோட்ட பங்களாவின் கொல்லைக்குக் கொண்டுபோய் ஒரு முந்திரி மரத்தடியில் விட்டார். விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை, ஒரு சாக்கைப் போட்டு மூடக்கூட இல்லை. மேலும் எட்டு வருஷம் அது அங்கேயே நின்றது. கூரைத் துணியைக் காக்கைகள் கூட்டுக்குக் கொண்டுபோயின. பின் சீட்டில் கோழிகள் அடைகாத்தன. இரண்டு சக்கரங்களின் ஆரக்கால்களைக் கரையான் தின்று முடித்தது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது வக்கீல் குடும்பம் கும்பகோணம் போய் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தது. கூஜாவிலிருந்து ஊஞ்சல் சங்கிலி வரை போய்வந்தன. விப்பெட்டை யாரும் நினைக்கவில்லை.

மறு வருஷம் ஐப்பசியில் பேய்மழை பிடித்துக்கொண்டு கூவமும் அடையாறும் கரை மீறின. தேனாம்பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த அப்துல் வஹீதின் மனைவி ஷாகிரா தலைப்பிரசவத்துக்காக ஊரூரை ஒட்டியிருந்த தாய்வீட்டில் இருந்தாள். தங்கபுஷ்பம் பரீட்சை எழுதித் தேறிய மருத்துவச்சி. இருபது வருஷமாக அந்தக் கரையில் பிறந்த குழந்தைகளில் பாதி அவள் கையில் விழுந்தவை. ஷாகிராவின் வயிற்றில் கை வைத்ததுமே குழந்தை குறுக்கே கிடப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருவல்லிக்கேணியில் பெண்களுக்கென்று இருந்த கோஷா ஆஸ்பத்திரிக்குத்தான் போயாக வேண்டும். மோட்டாரில் அரைமணி. ஜட்காவில் அந்தத் தண்ணீரில் எப்போது போய்ச் சேரலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. நனைந்தபடியே தோட்ட பங்களாவுக்கு ஓடினாள். பெரிய வண்டி போர்ட்டிகோவில் துடைத்து வைத்தபடி நின்றது. அந்த வாரம் அங்கே தங்கியிருந்த வக்கீல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"சீட்டெல்லாம் ரத்தமாயிடும். முக்குல ஜட்கா நிக்கும், போய்ப் பாரு" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சுப்புலக்ஷ்மி நிலைப்படிவரை வந்து, "கொடுத்தாத்தான் என்னவாம்?" என்று கேட்டாள்.

"நீ உள்ளே போ" என்றார். அவள் போனாள்.

ஷாகிராவும் குழந்தையும் மந்தைவெளிக்கு இப்பால், அச்சுவரை தண்ணீரில் நின்ற ஜட்காவிலேயே செத்துப்போனார்கள். அவள் தலை தங்கபுஷ்பத்தின் மடியில் இருந்தது. அன்றுவரை தங்கபுஷ்பத்தைக் கோபக்காரி என்று யாரும் சொன்னதில்லை. பிரசவத்தில் கடித்துவைத்த பெண்களைக்கூடத் திட்டாதவள். அன்று அவள் அழவில்லை. வெறுங்காலோடு அடையாறுவரை நடந்து வந்தாள். அவள் நடந்த தடத்தில் தண்ணீர் ஆவியாகிக் காய்ந்திருந்தது என்று பாலத்துக்குக் காவல் நின்ற சேவகன் பிறகு சொன்னான்.

ஷாகிராவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுநாள் அவள் தேனாம்பேட்டைப் பட்டறைக்குப் போனாள். வஹீத் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருந்தான்.

"பாய், செத்த மோட்டாரை எழுப்புவியா?"

"எங்க கீது?"

"அந்த வக்கீல் தோட்டத்துல. கொல்லையில."

"அந்த வூட்டு சாமான் எனக்கு வாணாம் நர்சம்மா" என்றான் வஹீத்.

"எனக்கும்தான் வாணாம். அடுத்த பொண்ணு வலியெடுத்து வந்தா இன்னா பண்றது, அதைச் சொல்லு."

அவன் எழுந்து ஸ்பானர் பையைத் தேடினான்.

வக்கீல் அவர்களைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது ரூபாயை வாங்கிக்கொண்டு, 'கொல்லையில் கிடக்கும் பழைய இரும்பையும் குப்பையையும் மேற்படியாளுக்கு விற்றேன்' என்று தம் பெயர் அச்சிட்ட காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாலு சக்கரமும் மண்ணில் புதைந்திருந்தபடியால் குப்பத்து ஆட்கள் பதினாறு பேர் வந்து, கட்டுமரத்தைக் கரையேற்றுகிற மாதிரி அடியில் உருளை போட்டு, குரல் கொடுத்துக்கொண்டே தள்ளி வந்து தங்கபுஷ்பத்தின் வீட்டை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் சேர்த்தார்கள். வஹீத் தினமும் பட்டறையை மூடிவிட்டு சைக்கிளில் வருவான். புது சாமான் வாங்கப் பணமும் இல்லை, பணம் இருந்தாலும் யுத்தத்தில் சாமானும் இல்லை. பிஸ்டன்கள் துருவில் இறுகியிருந்தன. மண்ணெண்ணெயும் புன்னை எண்ணெயும் கலந்து ஊற்றி இருபது நாள் ஊறப்போட்டு, இருபத்தோராம் நாள் மரச்சுத்தியால் தட்டினான், அசைந்து கொடுத்தன. கேஸ்கெட்டை ஷாகிராவின் செப்புக் குடத்தை வெட்டித் தகடாக்கிச் செய்தான். கார்புரேட்டர் மிதவைக்கு வலையில் கட்டுகிற தக்கை. பிரேக்குக்கு மில்லில் கழித்துப்போட்ட தோல் பட்டை. ஆரக்கால்களை வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி வேல மரத்தில் இழைத்துக் கொடுத்தார். சீட்டுக்குத் தேங்காய் நார், கூரைக்குக் கட்டுமரப் பாய். டயர்தான் கிடைக்கவே இல்லை. ராணுவ லாரி டயர் ஒன்றை வார் வாராக அறுத்துச் சக்கரங்களைச் சுற்றி வைத்து போல்ட் போட்டு முடுக்கினான். நாலு மாதத்தில் வண்டி எழுந்து நின்றது. பார்க்க விப்பெட் மாதிரியே இல்லை. கப்பல் உடைந்து கரையொதுங்கியது போல இருந்தது. ஓடத் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

இனி பெட்ரோல். யுத்தத்தில் அது கூப்பனுக்குத்தான் கிடைத்தது. கூப்பன் கொடுக்கிற ஆபீசுக்குத் தங்கபுஷ்பம் மூன்று தடவை போனாள். முதல் தடவை மனு ஆங்கிலத்தில் இல்லை என்றார்கள். இரண்டாம் தடவை டாக்டர்களுக்குத்தான் உண்டு, மருத்துவச்சிக்கு இல்லை என்றார்கள். அங்கே அவள் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு ஜமீன்தாரின் கணக்குப்பிள்ளை கிண்டி குதிரைப் பந்தயத்துக்குப் போய்வரக் கூப்பன் வாங்கிக்கொண்டு போனான். மூன்றாம் தடவை குமாஸ்தா தலை நிமிராமலே, "குப்பத்துப் பொம்பளைங்க நடந்துகிட்டே பெத்துடுவாங்களே, அவங்களுக்கு எதுக்கு மோட்டாரு?" என்றான். தங்கபுஷ்பம் திரும்பி வந்தாள். கொட்டகைக்குள் வந்து, உட்கார வேறு இடம் இல்லாததால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இஞ்சின் ஓட ஆரம்பித்தது. வஹீத் அப்போது வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்; இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹாண்டில் சுவரோரம் சாத்தியிருந்தது. அவன் ஊர்ந்து வெளியே வந்து, டாங்கி மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்து, முகர்ந்து பார்த்தான்.

"ஒரு சொட்டுகூட இல்லியே நர்சம்மா."

"இறங்கட்டுமா?"

"வாணாம், வாணாம். ஓடிக்கினு கீது இல்ல, ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்தான்.

ஒரு மாதத்தில் அதன் போக்கு பிடிபட்டது. மீன்காரியோடு போட்ட சண்டை, பால்காரன் ஊற்றிய தண்ணீர் இதெல்லாம் அடையாற்றுப் பாலம்கூடத் தாண்டாது. நடுவில் மூச்சு விட்டுவிடும். கூப்பன் ஆபீஸ் குமாஸ்தாவின் பேச்சு மயிலாப்பூர் போய்வரக் காணும். ஷாகிராவை நினைத்தால் கோஷா ஆஸ்பத்திரிவரை ஒரே சீராக ஓடும், திரும்பியும் வரும். அந்தக் கோபம் குறையவே இல்லை. வஹீத் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தான். வண்டி ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது. அவனிடம் இருந்தது துக்கம். துக்கத்தில் அது ஓடவில்லை. அவன் இறங்கி, பாய்க் கூரையில் ஒரு தையல் விட்டுப்போயிருந்ததைத் தைத்தான். இரண்டேகால் வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் அந்த வண்டியில் போனார்கள். வழியில் ஒருத்திகூடச் சாகவில்லை. தேங்காய் நார் சீட்டை எத்தனை தடவை கழுவினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

யுத்தம் முடிந்தது. புது மோட்டார்கள் வரவில்லை, பழையவை பொன் விலை விற்றன. ராணுவம் எடுத்துப்போன வக்கீலின் பெரிய வண்டி அச்சு முறிந்து திரும்பி வந்தது. 1946 ஆடி மாதம் ஒரு காலையில் அவர் ஒரு டிரைவரையும் ஒரு கான்ஸ்டபிளையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்கு வந்தார். ரெஜிஸ்டர் புஸ்தகம் அவர் பேரில்தான் இருந்தது. தங்கபுஷ்பம் பிரசவப் பெட்டியிலிருந்து அவருடைய கடிதாசை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கேன். இரும்பும் குப்பையும் வித்தேன். மோட்டார்னு எங்கே எழுதியிருக்கு? இது ஓடறதே. ஓடறது குப்பையா?"

கான்ஸ்டபிள் தரையைப் பார்த்தான். அவன் மனைவியும் அந்த வண்டியில் போனவள்தான். தங்கபுஷ்பத்தைச் சுற்றியிருந்த கொட்டகை ஓலைகள் பொசுங்குகிற வாடை அடித்தது. அவளை வண்டியில் ஏறவிடவில்லை. கள்ள மார்க்கெட்டில் வாங்கிவந்த இரண்டு காலன் பெட்ரோலை டிரைவர் ஊற்றி, தோள் கழன்றுபோகிற அளவு ஹாண்டில் சுற்றினான். விப்பெட் அசையவில்லை. கடைசியில் ஒரு ஜோடி மாடு கட்டி லஸ்ஸுக்கு இழுத்துப் போனார்கள். குப்பமே தெருவில் நின்று பார்த்தது. இரும்பாக இருந்தபோது வேண்டாத வண்டி, பதினாறு பேர் தள்ளி, ஒருவன் நாலு மாதம் இடுப்பொடிந்து எழுப்பிய பிறகு, ஒரு காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லாததால் போய்விட்டது.

எட்டாம் நாள் திருவான்மியூரிலிருந்து ஒரு வண்ணாரப் பெண்ணைக் கட்டைவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் வலி. தங்கபுஷ்பம் அவளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். ஷாகிராவின் தாயார் அமீனா பீ பட்டறைக்கு ஆள் அனுப்பினாள். வஹீத் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே லஸ் வீட்டு வாசலுக்குப் போனான். அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று இருந்தவன். வக்கீல் ஹைகோர்ட்டுக்குப் போயிருந்தார். சுப்புலக்ஷ்மிதான் வெளியே வந்தாள்.

"அம்மா, இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்த வண்டி வேணும். இன்னொரு பொண்ணு ஜட்காவுல கீது. நான்தான் ஷாகிராவோட வூட்டுக்காரன்."

சுப்புலக்ஷ்மி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மடிசாரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி, ஷெட்டுக்குப் போய், விப்பெட்டின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கதவைச் சாத்துவதற்குள் இஞ்சின் ஓட ஆரம்பித்துவிட்டது. தங்கபுஷ்பத்துக்கு ஓடியதைவிடச் சத்தமில்லாமல், ஆழமாக ஓடியது. இருபத்தாறு வருஷம் உள்ளே போகச் சொல்லப்பட்டு உள்ளே போனவளின் கோபம் அது.

"எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்க ஓட்டுங்கோ" என்றாள்.

ஜட்கா அடையாற்றுப் பாலத்தைத் தாண்டியதுமே அதைப் பிடித்துவிட்டார்கள். தங்கபுஷ்பம் முன் சீட்டில் இருந்தவளைப் பார்த்தாள். பெண்ணைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள். சுப்புலக்ஷ்மியும் பின்னால் போய் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

ரத்தக்கறை படிந்த புடவையோடு சுப்புலக்ஷ்மி விளக்கேற்றும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தாள். வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

"ஷெட்டுல வண்டியைக் காணோமே" என்றார்.

"குப்பத்துல இருக்கு. நீங்கதானே குப்பைன்னு உங்க கையால எழுதிக் கொடுத்தேள். கேஸ் போடுங்கோ. கூண்டுல ஏறி நின்னு, மழையில அவ வந்து கேட்டப்போ நீங்க என்ன சொன்னேள்னு நான் சொல்றேன்."

வக்கீல் கேஸ் போடவில்லை. ஒரு வாரம் கழித்து ரெஜிஸ்டர் புஸ்தகத்தைத் தங்கபுஷ்பத்தின் பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டு, ஆள் மூலம் அனுப்பினார். அதன் பிறகு அவர் ஆயுசு முழுக்க ரிக்‌ஷாவில்தான் கோர்ட்டுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமைதோறும் சுப்புலக்ஷ்மி அடையாறு வந்து, கொட்டகையில் ஒரு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். மற்றப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். ஈக்காட்டுத்தாங்கல் சூளையில் கல் சுமந்தவர்கள், தியாகராய நகரில் பாத்திரம் தேய்த்தவர்கள், புருஷன் அடித்ததை யாரிடமும் சொல்லாதவர்கள். உட்காருவார்கள், இஞ்சின் ஓடும், எழுந்து போவார்கள். சுதந்திரம் வந்த அன்று இனி வண்டி நின்றுவிடும் என்று சிலர் சொன்னார்கள். அன்று இரண்டு பிரசவம், இரண்டுக்கும் போய்வந்தது.

1948 கடைசியில் எல்லா மோட்டார்களையும் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. கிண்டியில் ஒரு மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி மேஜையும் பூர்த்தி செய்கிற அச்சுப் பாரங்களுமாக உட்கார்ந்திருந்தார். வேல மரச் சக்கரத்தையும் பாய்க் கூரையையும் பார்த்து எழுதிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி வண்டியா?"

"ஆஸ்பத்திரிக்குப் போற வண்டி" என்றாள் தங்கபுஷ்பம்.

"அதுக்கு இதுல இடமில்லே. சொந்த உல்லாச வாகனம்னு போட்டுக்கறேன். வரி மூணு பங்கு ஆகும்."

"இன்னா வாகனம்?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். அவள் கை வண்டியின் கதவின்மேல் இருந்தது. இஞ்சின் கிளம்பி, மேஜைமேல் இருந்த பாரங்கள் நடுங்குகிற அளவுக்கு உறுமியது. வரிசையில் நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பீடியைப் பற்றவைத்தார்கள். அதிகாரி எழுந்து வந்தார். டாங்கி மூடியைத் திறந்தார், குச்சியை விட்டு எடுத்தார், முகர்ந்தார், கால்சட்டையில் துடைத்தார். மேஜைக்குத் திரும்பிப்போய் 'உல்லாச' என்பதை அடித்தார். எரிபொருள் என்று இருந்த இடத்தில் 'இதர' என்று எழுதினார். முத்திரை குத்தி, அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.