அக்காவுக்குத் தலைசுற்றல்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருபத்தாறு வருஷம் குடியிருந்த அம்புரோஸ் கிராணியார், மனைவி பிலோமினா இறந்த நாற்பத்தைந்தாம் நாள், இரண்டு டிக்கெட்டுகளோடு கப்பல் ஏறினார். வேண்டாம் என்று சொல்லாத ஆள் இல்லை. மாதா கோவில் சாமியார்கூட வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். அம்புரோஸ் எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் ரயிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆசைப்பட்டவள் பிலோமினாதான். ஸ்டேஷன் சுவரில் டச்சுக் கப்பல் கம்பெனிக்காரன் ஒரு படம் ஒட்டியிருந்தான். நீலக் கடல், கறுப்பு மணல், பின்னால் புகை கக்கிக்கொண்டு ஒரு மலை. எங்கோ ஜாவாவுக்கு அப்பால் இருக்கும் தீவு. "கொடியில போட்ட சேலையெல்லாம் எஞ்சின் கரி. ரயில் விடாத புகையை ஒருதரமாச்சும் பாக்கணுங்க" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்புரோஸ் ஸ்டேஷன் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக டிக்கெட் எடுத்தார். பிலோமினா அன்றைக்கே தன் டிரங்குப் பெட்டியை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டாள். பிறகு காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள்.

அந்தக் கயிற்றை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை. பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சிங்கப்பூரில் கப்பல் மாறியபோது பக்கத்து அறைக்கு ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள். கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் கன்னையா, அவர் மனைவி இராஜம்மா. கன்னையாவுக்கு மெழுகுச் சாயமிட்ட பத்திக் துணி வாங்கும் வேலையும் இருந்தது. இராஜம்மா டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் செருகியிருந்த பெண்பிள்ளைக் குடையைப் பார்த்தாள்.

"அக்கா வந்திருக்காங்களாண்ணே?"

"வந்திருக்கா. தலைசுத்துதுன்னு உள்ள படுத்திருக்கா."

சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? யோசித்துப் பார்த்தால், பிலோமினா செத்துப்போனாள் என்று அவர் வாய் திறந்து இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. தெருவாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். சொந்தக்காரர்களுக்குத் தந்தி கொடுத்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். கடல் நடுவில் அந்தச் சேதி தெரிந்தவர் யாருமில்லை. இங்கே பிலோமினா படுத்துத்தான் இருக்கிறாள். ஒருதரம் சொல்லிவிட்டால் இங்கேயும் போய்விடுவாள்.

ஆனால் அந்தப் பொய்க்குச் சோறும் போட வேண்டியிருந்தது. இராஜம்மா கப்பல் சமையல்காரனிடம் சண்டை போட்டு இஞ்சிக் காப்பி வாங்கிவந்தாள். மிளகு ரசம் வந்தது. எலுமிச்சை ஊறுகாய் வந்தது. எல்லாவற்றையும் அம்புரோஸ் வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தி, தானே குடித்து முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்.

"முழுசும் குடிச்சாங்களா?"

"ஒரு சொட்டு விடல."

"நல்ல வயிறு! அப்ப சீக்கிரம் எந்திரிச்சிருவாங்க."

தீவு வந்ததும் எல்லாரையும் முன்னால் போகவிட்டுக் கடைசிப் படகில் இறங்கினார். கடற்கரையை ஒட்டி ஒரு சீனன் நடத்திய விடுதியில் அடுத்தடுத்த அறைகள். அறைக்கு இரண்டு கட்டில். சீனன் வந்த ஆள்களை எண்ணவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை.

படத்தில் இருந்தது போலவே இருந்தது எல்லாம். வெயிலில் கண் கூசியது. மணல் அடுப்புக்கரி நிறம். மலையுச்சியிலிருந்து வெள்ளைப் புகை சத்தமே இல்லாமல் எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் கடலில் விழுந்து சிரித்தார்கள். அம்புரோஸ் கோட்டும் வேட்டியுமாய்த் தென்னை நிழலில் உட்கார்ந்து புகையைப் பார்த்தார். 'பாத்தியா' என்று சொல்லப் பக்கத்தில் திரும்புவார். பிறகு திரும்பாமலே இருக்கப் பழகிக்கொண்டார்.

நான்காம் நாள் மதியம் செருப்பின் வார் அறுந்துபோனது. கறுப்பு மணல் காலைப் பொசுக்கியதில் ஓடாத குறையாய் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது கதவில் வளையல் சத்தம் கேட்டது.

"அக்கா, நாந்தான் இராஜம்மா. அண்ணன் கடற்கரைக்குப் போனதப் பாத்துட்டுத்தான் வந்தேன். நீங்க எந்திரிக்க வேணாம். படுத்தே கேளுங்க."

அம்புரோஸ் அசையவில்லை. அவள் வாசலில் உட்கார்ந்தது புடவைச் சரசரப்பில் தெரிந்தது.

"அவரு காலையிலேயே துணி பாக்கப் போயிட்டாருக்கா. தெனமும் இப்படித்தான். எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தாருன்னு கேளுங்க. கல்யாணமாகி ஒம்போது வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கல. திரும்பிப் போனதும் என் தங்கச்சியைக் கட்டிக்கப் போறாரு. வீரம்மாவுக்குப் பதினாறுதான் ஆகுது. நான் சம்மதிச்சாத்தான் எங்க அப்பா குடுப்பாரு. சம்மதிச்சிட்டேன். அதுக்குத்தான் இந்தக் கப்பல், இந்தத் தீவு எல்லாம். புள்ளைக்கு முட்டாய் வாங்கிக் குடுக்கிற மாதிரி."

மூக்கை உறிஞ்சும் சத்தம். அம்புரோஸ் தண்ணீரிலிருந்து காலை எடுக்கவும் பயந்தார்.

"கிள்ளான்ல இதை யார்கிட்டச் சொன்னாலும் சாயங்காலத்துக்குள்ள பாசார்ல கடைக்குக் கடை தெரிஞ்சிரும். உங்க முகத்தக்கூட நான் பாத்ததில்ல, அதான் சொல்ல வருது. நீங்க பெரியவங்க. பேச முடியாட்டிப் பரவாயில்லக்கா. நான் சம்மதிச்சது சரின்னா ஒருதரம் தட்டுங்க. தப்புன்னா ரெண்டு தரம். நீங்க சொல்றபடி செய்யறேன்."

அம்புரோஸ் சுவரைப் பார்த்தார். கை எட்டும் தூரம்தான். ஒரு தட்டு. இரண்டு தட்டு. எதைத் தட்டினாலும் இந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவாள். பிலோமினா அக்கா சொன்னது என்று சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"அக்கா, தூங்கிட்டீங்களா?"

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

இராஜம்மா அவரைப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி, விரிப்புக் கலையாத கட்டிலையும் கயிறு அவிழ்க்காத பெட்டியையும் பார்த்தாள்.

"அக்கா எங்கண்ணே?"

"செத்துட்டாம்மா. கப்பலேறதுக்கு முன்னாலயே. ரெண்டு மாசமாகப் போகுது."

குரல் யாருடையதோ போல இருந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது. அறை சட்டென்று காலியாகிப் போனது அவருக்குத் தெரிந்தது.

"அப்ப நான் பேசினதெல்லாம் நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அந்த ரசம், காப்பி…?"

"நான்தான் குடிச்சேன்."

அவள் தொண்டையில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

வெயில் தாழ்ந்தபின் அம்புரோஸ் வெறுங்காலோடு கடற்கரைக்குப் போனார். கன்னையா மனைவியோடு எதிரே வந்தார். துணி நல்ல விலைக்குப் படிந்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"என்ன கிராணியாரே, அண்ணிக்கு இன்னும் மயக்கம் தெளியலையா? இதென்ன, மசக்கையா?"

"அவ இல்ல, கன்னையா. எறந்துட்டா. நான் தனியாத்தான் வந்தேன். உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

இரண்டாவது தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதுவே அவருக்கு என்னவோ செய்தது.

கன்னையாவின் வாய் திறந்தபடி இருந்தது. "அடக் கடவுளே!" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், மத்தியானம் நீ அந்தம்மாகிட்டப் போய்ப் பேசிட்டிருந்தேன்னு சீனன் சொன்னானே?"

இராஜம்மா கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவு சாத்தியிருந்துச்சுங்க," என்றாள். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

கன்னையா அம்புரோஸின் தோளைத் தொட்டு, வாயில் வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டு நடந்தார். இராஜம்மா நாலடி பின்னால் போனாள். ஒருதரமாவது திரும்புவாள் என்று அம்புரோஸ் காத்திருந்தார். அவள் திரும்பவில்லை.

மணல் இன்னும் சூடு ஆறவில்லை. பிலோமினாவாக இருந்திருந்தால் இரண்டு தரம் தட்டியிருப்பாள். கதவு கழன்றுவிடும்படி தட்டியிருப்பாள். அது அவருக்கு இப்போது நன்றாகத் தெரிந்தது. அதை இராஜம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் இனி இடமில்லை.