போர்டு மட்டும்தான் மாத்தினோம்

"அந்த லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோட சேர்ந்தது, மேடம். அது போனா இதுவும் போச்சு," என்றாள் மணிலாவில் சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி மையத்திலிருந்து போனில் பேசிய பெண். அவள் குரலில் துளிக் கோபமும் இல்லை. அதுதான் ஜோவெலினுக்கு ஆத்திரமாக வந்தது.

"என்ன போச்சு? காசு குடுத்துத்தானே வாங்கினோம்? லேப்டாப்தான் எரிஞ்சுபோச்சு. உள்ள இருந்தது எங்களுதுதானே?"

"வாங்கும்போதே உள்ள போட்டுக் குடுத்த சிஸ்டத்தை வேற கம்ப்யூட்டருக்கு மாத்த முடியாது, மேடம். யார் பேர்ல வாங்கினீங்க?"

"எங்க அப்பா பேர்ல."

"அவர்கிட்ட குடுங்க. நான் விளக்கமாச் சொல்றேன்."

ஜோவெலின் கட்டிலைப் பார்த்தாள். "அவரால பேச முடியாது. அவர் பேசுறதுக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டரே."

"மன்னிக்கணும், மேடம்," என்று மறுமுனை போனை வைத்துவிட்டது.

அப்பா எலூத்தெரியோ, ஊருக்குத் தெர்யோ, இலோயிலோ நகரில் ஜீப்னி என்ற சிறு பஸ் ஓட்டியவர். ஓட்டுநர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். மைக் இல்லாமலேயே சந்தை முழுவதும் கேட்கும் தொண்டை அவருக்கு. நரம்பு நோய் முதலில் அவர் நாக்கைப் பிடித்தது, பிறகு கைகால்களை. மிச்சமிருந்தது வலது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்த விரலால் அவர் அடிப்பதைக் கம்ப்யூட்டர் உரக்கப் படிக்கும். அதற்குள் இருந்த குரல் ஓர் அமெரிக்கனுடையது. உள்ளூர்ப் பேச்சு அதன் வாயில் நுழையாது. தெர்யோ எழுத்துகளை வேண்டுமென்றே கோணல்மாணலாக அடித்து, அவனையும் இலோயிலோக்காரனாகப் பேச வைத்திருந்தார். மனைவி கன்சோலாசியோன் அந்தக் குரலை 'அமெரிக்கக்காரன்' என்றுதான் சொல்வாள். சில வாரங்களிலேயே வீட்டில் நான்காவது ஆளாகவே அவன் ஆகிவிட்டிருந்தான்.

போன வாரம் நின்றுபோன மின்சாரம் திரும்பிய வேகத்தில் லேப்டாப்பின் போர்டு எரிந்துபோனது. சந்தையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரொடேலியோ அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தன்னிடமிருந்த பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றில் மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தான். சில நாள் எச்சரித்துக்கொண்டே ஓடிய அது, இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டது. உரிமத்தை உறுதி செய்தால்தான் உள்ளே விடுவேன் என்று ஒரே வாக்கியத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"திருட்டு சிஸ்டம் போட்டுடலாம் ஜோவி, எனக்கென்ன?" என்றான் ரொடேலியோ. "ஆனா அந்தக் குரல் வந்த சிடி உங்ககிட்ட இல்லையே. அழிச்சா அமெரிக்கக்காரனும் சேர்ந்து போயிடுவான்."

தெர்யோவின் விரல் கட்டில் சட்டத்தைத் தட்டியது. கன்சோலாசியோன் அவர் முகத்தருகே குனிந்து எழுத்துகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் தட்டுவார். அவள் பொறுமையாகச் சேர்த்துப் படித்தாள்.

"அதே ஆள்தான்னு சொல்லு... ங்கிறார்."

"யாரு அதே ஆள்?"

தெர்யோ எரிச்சலோடு கம்ப்யூட்டரைப் பார்த்தார். ரொடேலியோ தொடையில் தட்டிச் சிரித்தான். "சரிதானே! போர்டு மட்டும்தான் மாத்தினோம்னு சொல்லு. ரிப்பேருக்குப் போர்டு மாத்தினா ஒத்துக்குவாங்க."

"பெட்டியே வேறயாச்சே?"

"அவங்க என்ன, விமானம் ஏறி வந்து பாக்கப் போறாங்களா?"

மறுபடி போன் செய்தபோது பேசியது ஓர் ஆண். ஜோவெலின் மூச்சை இழுத்துக்கொண்டாள். "போர்டு எரிஞ்சுபோச்சு. போர்டு மட்டும்தான் மாத்தினோம்."

"இதே சிஸ்டம் வேற எந்தக் கம்ப்யூட்டர்லயாவது ஓடுதா, மேடம்?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணுலதான்."

அது உண்மை. அவன் எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். கன்சோலாசியோன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். திரை திறந்தது.

விசைப்பலகையைத் தெர்யோவின் விரலடியில் வைத்தார்கள். வெகுநேரம் கழித்து அமெரிக்கக்காரன் தன் மூக்குக் குரலில் சொன்னான்: "என் வாய்க்குப் பூட்டுப் போட இவனுங்க யாரு?"

ரொடேலியோவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதன்பின் தெர்யோ நிறுத்தவில்லை. ஓய்வெடுக்கச் சொன்னால் கண்ணை உருட்டினார். "யாருக்குப்பா இவ்வளவு?" என்று ஜோவெலின் கேட்டதற்கு, "நொராத்துக்கு" என்றது குரல்.

நொராத் என்கிற ஹொனொராத்தோ அவருடைய தம்பி. ஓட்டுநர் வேலைநிறுத்தத்தின்போது பஸ் கண்ணாடிகளை உடைக்கச் சொன்னது அண்ணன்தான் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர். தெர்யோ சிறையிலிருந்து வருவதற்குள் தம்பிக்குப் பஸ் நிலையத்தில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. இப்போது பேட்டைத் தலைவர். அடுத்த தேர்தலிலும் நிற்கிறார். அண்ணன் தன்னை மன்னித்துவிட்டதாகக் கொஞ்ச நாளாகவே ஊரெல்லாம் சொல்லி வருகிறார். ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை.

எழுதி முடித்ததும் தெர்யோ அதை ஒரு தடவை மெல்லிய ஒலியில் ஓட்டிக் கேட்டார். நெஞ்சு மட்டும் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மதியம் கன்சோலாசியோன் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இடது கை முடிந்து வலது கையை எடுத்தபோது அது கனத்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. மிச்ச நகங்களையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டாள்.

சவப்பெட்டியைக் கூடத்தில் வைத்தார்கள். பழைய ஓட்டுநர்கள் ஊர் வழக்கப்படி வாசலில் கூடாரம் போட்டுச் சீட்டாடினார்கள். காபியும் பிஸ்கட்டும் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று ஜோவெலின் கேட்டாள்.

"அப்படியே இருக்கட்டும். ஆனா செத்த வீட்ல சண்டை வேணாம், சொல்லிட்டேன்," என்றாள் அம்மா.

மறுநாள் பிற்பகல் ஹொனொராத்தோ வந்தார். தன் பெயர் எழுதிய பெரிய மலர்வளையத்தை இரண்டு பேர் முன்னால் தூக்கி வந்தார்கள். சவப்பெட்டியின் கண்ணாடி வழியே அண்ணன் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்களுக்குள்ள ஆயிரம் இருந்துச்சு. ஆனா கடைசியில அண்ணன் என்னை மன்னிச்சுட்டார். இந்தக் கையைப் பிடிச்சு, 'தம்பி, எல்லாத்தையும் மறந்துடுவோம்'னார்."

வாசலில் சீட்டாட்டம் நின்றது. ஜோவெலின் பற்களைக் கடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கன்சோலாசியோன் கையிலிருந்த காபித் தட்டை மேசையில் வைத்தாள்.

"எந்தக் கையை, நொராத்?"

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அவரால ஒரு விரலைத்தான் தூக்க முடிஞ்சுது. உனக்கு அதுகூடத் தெரியாது. ஜோவி, அமெரிக்கக்காரனை எழுப்பு."

ஜோவெலின் ஒலியை முழுதாக ஏற்றிவிட்டு விசையை அழுத்தினாள். அமெரிக்கக்காரன் ஏற்ற இறக்கம் இல்லாமல், எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கொடுத்துப் பேசினான்.

"நொராத். நான் கண்ணாடி உடைக்கச் சொல்லல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ சொன்ன பொய்யால எம்பொண்ணு அப்பா இல்லாமப் பள்ளிக்கூடம் போனா. உன்னை நான் மன்னிக்கல. செத்ததுக்கு அப்புறமும் மன்னிக்கல. ஊர்ல வேற மாதிரி சொல்லாதே. ஓட்டு வேணும்னா உழைச்சுக் கேளு."

கொஞ்சம் இடைவெளி. ஹொனொராத்தோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினார். அப்போது குரல் மறுபடி எழுந்தது.

"எங்க போறே? சாப்பிட்டுட்டுப் போ. அண்ணி கோழிக் கஞ்சி வெச்சிருப்பா. இஞ்சித் துண்டை ஒதுக்கிடு. உனக்குக் குமட்டும்."

வாசலில் ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார். இன்னொருவர் மூக்கைச் சிந்தினார். மலர்வளையம் தூக்கி வந்தவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்கள். ஹொனொராத்தோ சுற்றிலும் பார்த்தார்.

கன்சோலாசியோன் சமையலறையிலிருந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து சவப்பெட்டிக்கு அருகிலிருந்த நாற்காலியில் வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஹொனொராத்தோ வெகுநேரம் நின்றார். பிறகு கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கஞ்சியைக் கிளறினார். மெல்லிய இஞ்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கரண்டி நுனியால் எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் வைக்கத் தொடங்கினார்.