அவள் அறைக்குத் தனி லைன்

எங்கள் வீட்டில் மட்டும் அடிக்கடி கரண்ட் போனது. போய்ப் பார்த்தால் டிரிப் சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். தூக்கிவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். மறுநாள் மறுபடி விழும்.

அது நல்ல கருவி. வீட்டுக்குள் போகிற மின்சாரத்தையும் திரும்பி வருவதையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் சமமென்றால் சும்மா இருக்கும். திரும்புவது கொஞ்சம் குறைந்தாலும், ஈரச் சுவரிலோ யார் உடம்பிலோ கசிகிறது என்று எடுத்துக்கொண்டு துண்டித்துவிடும். நான் எலக்ட்ரீஷியன். அதனால் கசிவைத் தேடினேன். கீசரைக் கழற்றினேன், வாஷிங் மெஷினைக் கழற்றினேன், கடைசியில் சுவிட்சையே மாற்றினேன். புதிதும் விழுந்தது.

"ஊர் வீட்டுக்கெல்லாம் கரண்ட் குடுக்கறாரு. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் ஒழுகுது," என்றாள் மனைவி. சிரிக்கத்தான் சொன்னாள். இருவருமே சிரிக்கவில்லை.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. படிப்பை விட்டுவிட்டு அறைக்குள் போனவள், சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வருவாள். டாக்டர் என்றால் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

"பல்லு பாக்கலாம்னு சொல்லி வண்டில ஏத்திடலாங்க," என்றாள் மனைவி.

ஏற்றலாம். அப்புறம் அவள் எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டாள். எங்களுக்கு மிச்சமிருந்தது அந்தச் சாப்பாட்டு வேளைதான்.

ஒரு மதியம் வேலை சீக்கிரம் முடிந்து வந்தேன். மகள் ஸ்டூலில் ஏறி நின்று சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினாள். பொய்யாக ஒரு கசிவைக் காட்டி, சுவிட்ச் விழுகிறதா என்று பார்ப்பதற்கான பொத்தான் அது. சின்ன வயதில் நான்தான் காட்டிக்கொடுத்தேன். மின்விசிறிகள் மெல்ல நின்றன.

"நீயாம்மா?"

"சுவத்துக்குள்ள பேசிட்டே இருக்குப்பா. இத அமுக்கினா நிக்குது."

"எந்தச் சுவர்ல?"

"என் ரூம்லதான். வயரோட குடித்தனம் பண்றவரு, உங்களுக்கு எங்க கேக்கப்போகுது."

"எனக்குக் கேக்கலதான். உனக்குக் கேக்குதுன்னா தூக்கமே வராதே."

அவள் இறங்கி ஸ்டூலை ஓரமாக வைத்தாள். "டாக்டர் கீக்டர்னு ஆரம்பிக்காதீங்க."

"உன்னக் கூப்பிடல. நானும் அம்மாவும் போறோம். ஒளிச்சு வெக்காம சொல்லிட்டுப் போறோம்."

"போங்க. நான் வரல."

"சரி."

போனோம். டாக்டர் நிறையக் கேட்டார், கொஞ்சம் சொன்னார். "பொய் சொல்லிக் கூட்டிட்டு வராதீங்க. சத்தமே இல்லன்னு சண்டை போடாதீங்க. கூட உக்காந்து சாப்பிடறாளே, அதை விட்றாதீங்க. அவ வர்ற வரைக்கும் நீங்க வாங்க."

திரும்பும் வழியில் நான் வயர் வாங்கிக்கொண்டேன்.

மகளின் அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்து, அதற்கான சுவிட்சை அவள் கட்டில் தலைமாட்டில் வைத்தேன். சத்தம் வந்தால் அதை அணைத்துக்கொள்கிறாள். வீட்டின் மெயினை அவள் தொடுவதில்லை. ஃபிரிட்ஜ் ஓடுகிறது. மூவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம். செவ்வாய்க்கிழமைகளில் நானும் மனைவியும் அவளிடம் சொல்லிவிட்டு டாக்டரிடம் போகிறோம்.