அலகு குத்திய கன்னம்

என் அண்ணன் பலராமனைப் போல ஒரு வெத்துவேட்டு இந்தப் பென்னலூரில் இன்னொருவன் கிடையாது. அவனுடைய எலும்பு மஜ்ஜைதான் எனக்குப் பொருந்துகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே என் தலைவிதியை நொந்துகொண்டேன்.

என் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிட்டிருந்தது. பல் துலக்கினால் ஈறு ஒழுகும். லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகும். பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தயார்செய்யத் தொடங்கினார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள், தலையை மழித்தார்கள். அடுத்துத் தனியறையில் வைத்து மருந்து ஏற்றுவார்கள். அது என்னிடம் மிச்சமிருக்கும் மஜ்ஜையையும் அழித்துவிடும். பிறகு அண்ணனுடையது ஏறினால்தான் பிழைப்பேன். அதனால் காய்ச்சல், காயம் எதுவும் இல்லாமல் வரவேண்டும் என்று டாக்டர் அவனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவனும் பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினான். நேராக வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய், ஆடிக் கிருத்திகையன்று, தங்கச்சிக்காக வேண்டுதல் என்று கன்னத்தில் அலகு குத்திக்கொண்டான். அவன் வேலைசெய்யும் பட்டறையின் நண்பர்கள் பேண்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். தங்கச்சிமேல் எவ்வளவு பாசம் என்று ஊரே உருகியது. முருகனுக்குக் காது நன்றாகவே கேட்கும்; கன்னத்தைக் கிழித்துக் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

மருந்து ஏற்றவேண்டிய நாளில், சீழ் பிடித்த கன்னமும் கொதிக்கும் உடம்புமாக வந்து நின்றான். டாக்டர் எல்லாவற்றையும் நிறுத்தினார். மருந்து ஏறிய பிறகு இவன் இப்படி வந்திருந்தால் என்னைக் காப்பாற்றுவதே கஷ்டமாகியிருக்கும் என்றார். என் அறை வேறொரு நோயாளிக்குப் போனது. மொட்டைத் தலையோடு ஊர் திரும்பினேன். பார்த்தவர்களெல்லாம் வல்லக்கோட்டையில் முடி கொடுத்தாயா என்று கேட்டார்கள்.

கன்னம் ஆறியது, புதுத் தேதியும் கொடுத்தார்கள். இவன் ஓவர்டைம் என்றான், சூப்பர்வைசர் லீவு தரமாட்டான் என்றான். எனக்கோ மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. நேராகவே கேட்டேன்.

"பயமா கீதாண்ணா?"

"இடுப்பு எலும்புல ஊசி வுடுவாங்களாமே."

"கன்னத்துல வேல் குத்திக்கினியே, அது இன்னா?"

"அங்க எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க அம்சா. இங்க மயக்கம் குடுத்துப் படுக்க வெச்சிடுவாங்க. நான் குடுத்தது யாருக்குத் தெரியும்?"

எனக்கு அருவருப்பாக இருந்தது, அழுகையும் வந்தது. இவனிடம் அழுது என்ன பயன்? அவனுடைய பட்டறைக் கூட்டாளி எல்லப்பனுக்குச் சொல்லியனுப்பினேன்.

புறப்படும் நாள் காலையில் தண்டலம் பஸ் நிறுத்தத்தில் அதே பேண்டு முழங்கியது. தங்கைக்கு உயிர் கொடுக்கப்போகிற வீரனுக்கு ஆளுயர மாலை விழுந்தது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எனக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி, ஊர் மறையும்வரை ஜன்னலில் கையாட்டினான். உள்ளே பூ ஆகாது என்று மாலையை ஆஸ்பத்திரி வாசலிலேயே கழற்றவைத்தேன். அப்போதுதான் அவன் முகம் வாடியது.

மஜ்ஜை பிடித்துவிட்டால் என் ரத்தப் பிரிவே அவனுடையதாக மாறிவிடும் என்றார் டாக்டர். சாகும்வரை இந்த வெத்துவேட்டின் ரத்தம்தான் எனக்குள் ஓடும். தனியறையில் மருந்து சொட்டத் தொடங்கியபோது, அது ஓடவேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனை யாருக்கும் கேட்காமல் வேண்டிக்கொண்டேன்.